எடைமேடை ஜன்னல்

காலை ஒன்பது பத்துக்கு
மருந்தைப் பஞ்சில் தொட்டு வைப்பேன்.
வலது மணிக்கட்டு, மூன்று விரல் கணுக்கள்.
வாசனை கிடையாது.
இருட்டில் அது வெறும் தண்ணீர் என்றார் டாக்டர் கோ,
வெயில் பட்டால்தான் விழிக்கும்.
எதிலிருந்து எடுத்தது என்று கேட்டேன்.
கணினியைத் திருப்பிப் படம் காட்டினார்:
கார்போகரிசி.
பாகாவ் சந்தை முனை மளிகைக் கடையில்
வெந்தயத்துக்குப் பக்கத்து டின்.
பத்து வருடமாய் அதைத் தாண்டித்தான்
பருப்பு வாங்கியிருக்கிறேன்.

ஒன்பது நாற்பதுக்கு ஜன்னலைத் திறந்து
கையை வெளியே நீட்டுவேன்.
மூன்று நிமிஷம்.
பிறகு சோப்பு, முழுக்கைச் சட்டை,
நாளெல்லாம் நிழல்.

ஆலைக்கு வரும் செம்பனை லோரிகள்
என் ஜன்னலுக்குக் கீழேதான் நிற்கும்.
பதினான்கு டன். பதினாறு டன்.
சீட்டு வாங்க வருகிறவர்களில் சிலர்
என் விரல் படாமல்
ஓரத்தைப் பிடித்து இழுப்பார்கள்.
அந்த இழுப்பை நிறுக்க
இந்த மேடைக்குத் தெரியாது.

ஆகஸ்டில் புகைமூட்டம்.
ஊறுகாய்த் துண்டு மாதிரி
சிவந்து தொங்கியது சூரியன்.
பதினெட்டு நாள் புட்டியைத் திறக்கவில்லை.

புகை விலகிய முதல் நாள்
சம்சூரியின் லோரி.
நாற்பது கிலோ குறைகிறது என்றான்.
நானும் விடவில்லை.
நனைந்த குலை, டயர்ச் சேறு,
அவன் முதலாளி, என் முதலாளி,
எல்லாரையும் இழுத்துப் பேசி முடித்தபோது
கை இன்னும் வெளியே இருந்தது.

மறுநாள் இரவு கொப்புளம்.
பதினோரு நிமிஷம் என்று ஒப்புக்கொண்டேன்.
டாக்டர் திட்டவில்லை.
"மருந்து மட்டும் சுடாது. இந்த வெயில் மட்டும் சுடாது.
ரெண்டும் பேசிக்கிட்டே நின்னா சுடும்."
எலுமிச்சை பிழிந்த கையைத் துடைக்காமல்
தூண்டில் போட உட்கார்ந்த தன் மச்சானுக்கு
தொடையில் ஐந்து விரல் பதிந்த கதையைச் சொன்னார்.
சிரித்தேன். கட்டுக்குள் வலித்தது.

கட்டு அவிழ்த்த வாரம் சம்சூரி
எத்தனை நிமிஷம் என்று மலாயில் கேட்டான்.
மூன்று என்றேன்.
ஜன்னலில் நிழல் விழாதபடி
லோரியைப் பின்னால் எடுத்து நிறுத்தினான்.
மூன்றாவது நிமிஷம் ஹார்ன் அடித்தான்,
மானேஜர் எட்டிப் பார்க்கும் அளவுக்கு.
நாற்பது கிலோவை
இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறான்.

நவம்பரில் ஒரு மத்தியானம்
மணிக்கட்டு வெள்ளைக்குள்,
ஒரு மயிர்க்காலைச் சுற்றி,
பழுப்பாய் ஒரு புள்ளி.
கடுகைவிடச் சிறிது.
பேனா மை என்று நினைத்து
எச்சில் தொட்டுத் தேய்த்தேன்.

போகவில்லை.
பக்கத்தில் இன்னொன்று.
அதையும் தேய்த்துப் பார்த்தேன்.