அரைப்புள்ளி

கோனாப்பட்டில் அந்த வீட்டை
மூன்று சாவி போட்டுத் திறந்தார்கள்.
நான் காரைக்குடியிலிருந்து விலை சொல்லப் போனவன்.
லென்ஸ், டேப், ரசீதுப் புத்தகம்,
முகத்தில் எதையும் காட்டாத பழக்கம்.

இரண்டாம் கட்டில் ஒன்பது சட்டங்கள்.
முட்டைகள்.
கல்லச்சில் எடுத்துக் கையால் வண்ணம் தீட்டியவை.
தவிட்டுக்குருவியின் நீலம்
இன்னும் ஈரமாய் இருப்பதுபோல் இருந்தது.
மீன்கொத்தியின் வெள்ளைக்கு
ஓவியன் நிறமே தொடவில்லை.
தாளை அப்படியே விட்டுவிட்டு
ஓரத்தில் மட்டும் கொஞ்சம் நிழல்.

ஊதி எடுத்த முட்டைகள் இவை.
ஊசியால் துளைத்து
உள்ளே இருந்ததை யாரோ ஒரு துரை
வாய் வைத்து ஊதித் தள்ளியிருப்பான்.
துளை தெரியாத பக்கமாய்த் திருப்பி வைத்து
வரைந்திருக்கிறார்கள்.
என் தொழிலும் அதுதான்.

"எப்படி வந்துச்சு இதெல்லாம்?"
வீட்டைப் பார்த்துக்கொள்ளும் சோலைமலை
பழைய ஐந்தொகை ஏட்டை விரித்தார்.
மோல்மேன் கடை. வராக்கடன்.
துரை சொல்லாமல் கப்பலேறிய வகையில்
முட்டைப் படம் ஒன்பது.
மதிப்பு எழுதும் இடத்தில்
வட்டமாய் ஒரு சுழி.
அதுவும் முட்டைதான்.

சட்டத்தை இறக்கக் கை வைத்தேன்,
சுவர் குளிர்ந்து வழுக்கியது.
சுண்ணாம்பும் வெள்ளைக்கருவும்.
இந்தப் பளபளப்புக்கு
வண்டி வண்டியாய்க் கோழிமுட்டை உடைந்திருக்கும்.
அவற்றை யாரும் வரையவில்லை.

வீட்டுக்குப் பதினாறரைப் புள்ளி.
பதினாறும் சம்மதம் அனுப்பிவிட்டன:
சிங்கப்பூர், அண்ணா நகர், டெக்சாஸ்,
ஒருவர் வெறும் கட்டைவிரல் படம்.
மிச்சம் அரை.
கணவர் போனபின் கணக்கில் பாதியான சிட்டாள்,
கோவையில் மருந்துக்கடை வைத்திருப்பவர்.

வீடியோவில் வந்தார், முதுகுக்குப் பின்னால்
மாத்திரை அடுக்குகள்.
"ஆள்காட்டி முட்டையக் கிட்டக் காட்டுங்க.
நாலுல இடப்பக்கம் கடைசி.
அடியில ஒரு புள்ளி கூட இருக்கும்."

அந்தச் சட்டத்துக்கு மட்டும் கண்ணாடி இல்லை.
லென்ஸை வைத்தேன்.
மண்நிற ஓடு.
புள்ளிகள் எல்லாம் மணல்மணலாய்க் கல்லச்சு மை.
ஒன்று மட்டும் வழவழப்பாய்,
விரல்ரேகையோடு.

"ஏழு வயசு. படைப்புக்கு வந்திருந்தோம்.
வர்றவங்க எல்லாம் அதையே பாத்தாங்க.
என் கண்மைய எடுத்துத்
திருஷ்டிப் பொட்டு வெச்சுட்டேன்."
சிரித்தார்.
யாரோ இருமல் மருந்து கேட்டார்கள்,
அழைப்பு நின்றது.
சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும்.

என் தொழிலில் இதற்குப் பெயர் கறை.
விலையில் பாதி போகும்.
பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்தால் ஒரு நிமிட வேலை.
நனைத்தும் விட்டேன்.
சோலைமலை அந்தப் பக்கம் திரும்பி
மூன்றே சாவியை
வெகுநேரம் எண்ணிக்கொண்டிருந்தார்.
பஞ்சு கையிலேயே காய்ந்தது.

ரசீதில் எழுதினேன்:
படம் எட்டு;
அந்தக் குறிக்குப் பிறகு
என்ன எழுதுவதென்று தெரியவில்லை.
ஒன்பதாவதை அதே ஆணியில் மாட்டினேன்.
கொஞ்சம் சாய்ந்துதான் தொங்கியது.

திரும்பும் வழியில்
வறண்ட கண்மாயின் சரளைக்கற்களில்
நாலு கற்கள் கற்களாக இருந்திருக்காது.
ஆள்காட்டி ஒன்று எழும்பி
என் தலைக்கு மேலேயே கத்திக்கொண்டு வந்தது,
பின்னால் கட்டிய எட்டையும்
எண்ணிப் பார்த்தது மாதிரி,
ஊர் எல்லை வரைக்கும்.