நாற்பதுக்குப் பின் வந்த முப்பது

தார்த்து நகரில் அக்டோபரின் கடைசி ஞாயிறு.
மார்ச்சில் கடனாகக் கொடுத்த ஒரு மணி நேரத்தை
ஊரே திருப்பி வாங்கிக்கொள்ளும் இரவு.
நான்கைத் தொடப்போன கடிகாரங்கள்
பின்வாங்கி
மறுபடி மூன்றில் போய் நின்றன.

ஏழாம் படுக்கையில் ஹெல்தூர் பாயு,
பேருந்து ஓட்டுநர்,
பித்தப்பையில் தொடங்கி இரத்தத்தில் இறங்கிய தொற்று.
மூன்று நாற்பதுக்கு லீவிகா வலது கையில் குத்தினாள்:
லாக்டேட் இரண்டு புள்ளி ஒன்று.
அவர் உதட்டு நிறம் பிடிக்கவில்லை அவளுக்கு.
ஐம்பது நிமிடம் பொறுத்து இடது கை:
மூன்று புள்ளி எட்டு.
குழாயில் ஒட்டிய சீட்டில்
மணி மூன்று முப்பது.

நேரப்படி அடுக்கு என்று
ஒரு வரி எழுதியிருந்தேன், மூன்று வருடம் முன்பு,
மதிய உணவுக்குக் கிளம்பும் அவசரத்தில்.
அது அடுக்கியது.
முப்பது முன்னே, நாற்பது பின்னே.
திரையில் கீழ்நோக்கி ஒரு பச்சை அம்பு:
தேறி வருகிறார்.
பத்தே நிமிடத்தில் இவ்வளவு இறங்குமா
என்று கேட்க அதற்கு யாரும் சொல்லித்தரவில்லை.
நானும்.

மேல்மாடியில் டாக்டர் ராய்வோ
படுத்தபடியே அம்பைப் பார்த்தார்,
காலையில் வருகிறேன் என்றார்.
"முப்பதுதான் பிந்தியது" என்றாள் லீவிகா.
"என்ன?"
"நாற்பதுக்கு அப்புறம் வந்த முப்பது.
முதலில் வலது, பிறகு இடது.
இடது கைப் பஞ்சு இன்னும் ஈரமாக இருக்கிறது."
தொலைபேசியில் கொஞ்சம் மூச்சு.
பிறகு படிக்கட்டில்
நாடா கட்டாத காலணிச் சத்தம்.

திங்களன்று என்னைக் கூப்பிட்டார்கள்.
யாரும் திட்டவில்லை; அதுதான் கஷ்டமாக இருந்தது.
எடுத்த நேரம், ஆய்வகம் சொன்ன நேரம்,
யாரோ தட்டச்சு செய்த நேரம்
மூன்றையும் ஒரே பெட்டியில் போட்டு
'நேரம்' என்று பெயர் வைத்திருந்தேன்.
நடந்து முடிந்ததை இறந்தகாலம் என்கிறோமே,
அந்தச் சொல்லை அந்த அறையில்
மனதுக்குள்கூடச் சொல்லிப் பார்க்கப் பயமாக இருந்தது.

வியாழன் போய்ப் பார்த்தேன்.
ஹெல்தூர் எழுந்து உட்கார்ந்திருந்தார்,
சூப்பில் உப்பில்லை என்று சண்டை.
என்னை யாரென்று கேட்கவில்லை.
சுவர்க் கடிகாரத்தைக் காட்டினார்:
ஏணி கொண்டுவர ஆளில்லாமல்
அது இன்னும் கோடையிலேயே ஓடிக்கொண்டிருந்தது,
ஒரு மணி முன்னால்.
"இதை நம்பினால் என் வண்டியில் ஒருவரும் ஏறமாட்டார்கள்" என்றார்.

நாற்காலியை இழுத்துப் போட்டு
ஏறினேன்.