பதினோரு மீட்டர்

மோனகன் மாவட்டக் கிடங்கில்
இரண்டாயிரத்து நூற்றுப் பதினாறு பலகைகள்,
முகத்தில் கறுப்புப் பை மாட்டி,
பணயக் கைதிகள்போல் சுவரோரம் நின்றன.
வியாழன் விடிவதற்குள்
அயர்லாந்து கிலோமீட்டருக்கு மாறவேண்டும்.
எங்கள் மாவட்டம் என் பொறுப்பு.

அமைச்சகத்தின் கையேட்டில் எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது:
கம்பத்தின் உயரம், நட்டின் அளவு,
நூறை மைல் என்று எண்ணிப்
பறக்கப்போகிறவனுக்கு ஒரு துண்டறிக்கை.

இருபத்தேழாம் எண் சாலைக்கு மட்டும் பதில் இல்லை.
குடித்தவன் வீடு திரும்புவதுபோல் போகும் அது,
எட்டு நிமிடத்தில் நான்கு முறை எல்லை தாண்டி.
வடக்கில் மைல் மைலாகவே இருக்கும்.

காவல்கோபுரங்களைப் பிரித்து அள்ளிப்போய்
வருடங்கள் ஆகின்றன.
எல்லை எதுவென்று மாடுகளுக்கு என்றுமே தெரியாது,
எங்களுக்கும் மறக்கத் தொடங்கியிருந்தது.
இனி மறக்காது:
அந்தப் பக்கம் அறுபது, இந்தப் பக்கம் நூறு.
வேகம் என்னவோ ஏறக்குறைய ஒன்றுதான்.

"கோடு எங்கே சார்?" என்றான் ஃபீக்ரா,
துளைப்பானை அணைத்துவிட்டு.
வரைபடத்தில், ஓடையின் நடுவில்.
ஓடை வரைபடம் படித்ததில்லை,
எப்போதோ இடம் மாறிவிட்டது.

ஊனா மக்கார்வில் கதவைத் திறந்தாள்,
இரவு உடுப்பின்மேல் யாருடையதோ ஒரு கோட்டு.
"அடுப்பு மைலில், கட்டில் கிலோமீட்டரில்,
அப்படித்தானே?"
சிரித்தோம். தேநீர் தந்தாள்.
பிறகுதான்
நாங்கள் சுண்ணாம்பு தூவிய இடத்தைப் பார்த்தாள்.

"அங்கே வேண்டாம்."

ஏன் என்றான் ஃபீக்ரா. வயது இருபத்திரண்டு.

"எழுபத்து நான்கில் அங்கே ஒரு கம்பம்,
குறுக்கே தடுப்புக்கட்டை.
என் தம்பி யூஜீன் பிரேக் போடத்தான் போட்டான்.
மழை.
இரண்டு கெஜம் தள்ளி நின்றது வண்டி."

கெஜத்தை மீட்டராக்கும் அட்டவணை
பன்னிரண்டாம் பக்கத்தில்.
நான் திறக்கவில்லை.

பதினோரு மீட்டர் தள்ளி நட்டோம்.
'இடமாற்றக் காரணம்' என்ற கட்டத்தில்
'மண் இளக்கம்' என்று எழுதினேன்.
புதுக் குழியில் பாறை.
தோண்டி முடிக்க ஒன்றரை மணி நேரம்.
ஃபீக்ரா ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை.

வெளுக்கும்போது பையை உருவினோம்.
வடக்கிலிருந்து ஒரு பால் லாரி வந்தது,
நூறைப் பார்த்தது,
அவள் வீட்டைக் கடக்கும்வரை
முப்பதில்தான் ஊர்ந்தது.

முப்பது மைலா, கிலோமீட்டரா,
சொல்லத் தெரியவில்லை.