கடிமெழுகு

பச்சைக்குக் காத்திருக்கும்போதுதான் ஏறும்.
ஓடும்போது இல்லை.
விரைவுச்சாலையில் காற்றைக் குடித்துக்கொண்டு
எண்பதில் போகையில் முள் சமர்த்தாக நடுவில் நிற்கும்.
சிராங்கூன் சாலைச் சிவப்பில்
முன்னால் ஒரு சிமெண்ட் லாரி,
பின்னால் நூற்று நாற்பத்தேழாம் பேருந்து,
உடனே
முள்ளுக்கு வயிற்றில் ஏதோ ஆகிவிடும்.

அறுபத்திரண்டாம் வருஷத்து ஆஸ்டின்.
வருஷத்தில் இத்தனை நாள்தான் தெருவில் இறங்கலாம் என்று
தாளில் எழுதி வாங்கிய கார்.
அந்த நாள்களில் நான்கை
சாலையோரம் பானெட்டைத் திறந்துவைத்து
ஆவி அடங்குவதைப் பார்த்தே செலவழித்தேன்.
புவனேசு குடை பிடிப்பாள்.
எனக்கா, எஞ்சினுக்கா என்று கேட்டால்
மூடிக்கு என்பாள்.
ஒருமுறை அவள் விரலைச் சுட்ட மூடி.

ரேடியேட்டர் மாற்றினோம்.
தெர்மோஸ்டாட் மாற்றினோம்.
குழாய், விசிறி, வார், அந்த மூடியும்.
வங்கிக் கணக்கிலும் கொஞ்சம் ஆவி போனது.

சின் மிங்கில் லோ பூன் ஹொக்
கோப்பி ஓவை ஃபெண்டர்மேல் வைத்துவிட்டுச் சொன்னார்:
பம்ப் புதுசு, மெல்பர்னில் வாங்கியது, குறையில்லை.
உறை பழசு, ஜோகூர் பாருவில் எடுத்தது, வெடிப்பில்லை.
எண்ணைப் பார், இரண்டும் ஒரே எண்.
எண் பொருந்தினால் போதுமா, இது என்ன ஜாதகமா
என்றாள் புவனேசு, தமிழில்.
லோ என்னைப் பார்த்தார்.
நான் மொழிபெயர்க்கவில்லை.

நான் தோ பாயோவில் பல் செய்கிறவள்.
மேல்வரிசை ஒன்று, கீழ்வரிசை ஒன்று,
தனித்தனியே பார்த்தால் விளம்பரத்துக்கு வைக்கலாம்.
வாயில் மாட்டினால்
முறுக்கைக் கண்டு அழுவார் மனிதர்.
குறை பல்லில் இருக்காது.
இரண்டுக்கும் நடுவே,
யாரும் வார்க்காத, யாரும் விலை போடாத
அந்த இடத்தில் இருக்கும்.

அடுத்த சனிக்கிழமை
ரோஜா நிறக் கடிமெழுகுத் தகடு ஒன்றைக்
கைப்பையில் போட்டுக்கொண்டு போனேன்.
பம்புக்குள் சுழலி, ஆறு இதழ்.
இதழின் விளிம்புதோறும் மெழுகை உருட்டி ஒட்டி
கேஸ்கட் வைத்து, உறையைக் கவிழ்த்து,
எல்லா போல்ட்டும் முழு இறுக்கம்.
இப்போது கழற்றுங்கள் என்றேன்.
இதற்கா இறுக்கினேன் என்றார் லோ.

மெழுகு நசுங்கியிருந்தது, பேருக்கு.
அளவியில் மூன்றரை மில்லிமீட்டர்.
இருக்க வேண்டியது ஒன்றுக்கும் கீழே.
சக்கரம் வேகமாகச் சுற்றினால்
எப்படியோ தள்ளிவிடும் தண்ணீரை.
மெதுவாகச் சுற்றினால்
தண்ணீர் அந்தச் சந்து வழியே நழுவி
வந்த இடத்துக்கே வந்து நிற்கும்,
பதிவுத்தபால் வரிசையில் தவறான எண்ணோடு நிற்பவரைப் போல.
லோ கோப்பியை ஆறவிட்டார்.
எல்லாரும் நல்லவர்கள், கார் மட்டும் கொதிக்குது
என்றாள் புவனேசு.
இதை மொழிபெயர்த்தேன்.

காக்கி புக்கிட்டில் உறையின் முகத்தைச் சீவக் கொடுத்தோம்.
பேராசை. அதிகம் சீவிவிட்டார்கள்.
பூட்டிச் சுற்றிப் பார்த்தால்
கர்ர் என்று ஒரு சத்தம்,
உறைக்குள்ளே பிறை போல் ஒரு கீறல்.
இன்னொரு கேஸ்கட் தாள் வெட்டி வைத்தோம்.
மறுபடி மெழுகு. மறுபடி போல்ட்.
முக்கால் மில்லிமீட்டர்.
லோ அந்த மெழுகுச் சுருளை முகர்ந்து பார்த்தார்,
ஏனென்று தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, அதே சிவப்பு.
பின்னிருக்கையில் லோ, மடியில் ஒரு வாளித் தண்ணீர்.
முள் ஏறியது.
கொஞ்சம்.
நின்றது.
பச்சை விழுந்ததை யாரும் பார்க்கவில்லை,
மூன்று தலையும் முள்ளுக்குள் இருந்தன.
நூற்று நாற்பத்தேழு ஹார்ன் அடித்தது.
வண்டி குதித்ததில் வாளி சாய்ந்து
லோவின் கால்சட்டை நனைந்தது.
அன்று சிந்திய தண்ணீர் அவ்வளவுதான்.

திங்கட்கிழமை வேலையில்
மெழுகுக் கணக்குப் புத்தகத்தைத் திறந்தேன்.
ஒரு தகடு குறைகிறது.
நோயாளி பெயர் என்று கேட்கும் கட்டத்தில்
ஆஸ்டின் என்று எழுதினேன்.
யாரும் விசாரிக்கவில்லை.
இந்த ஊரில் அந்தப் பெயரில்
நிறையப் பேர் இருக்கிறார்கள்.