முந்நூற்றுத் தொண்ணூறு

கீலுங் துறைமுகத்தில் மழைக்கு விடுமுறை கிடையாது.
இரவுச் சந்தையின் மூன்றாம் சந்தில்
முன்பு செருப்புக் கடை,
பிறகு கைபேசி உறை விற்ற கடை,
பிறகு எட்டு மாதம் இறக்கியே கிடந்த ஷட்டர்.
இப்போது முப்பத்திரண்டு கண்ணாடிப் பெட்டிகள்,
ஒரு சில்லறை இயந்திரம். ஆளில்லை.
இந்தச் சந்தில் மட்டும் இது ஐந்தாவது என்று
எதிரே நண்டு சூப் விற்பவர் தலையில் அடித்துக்கொள்கிறார்.
அடித்துக்கொண்டே
ஆறாவதில் ஒரு பெட்டிக்கு வாடகை எவ்வளவு என்கிறார்.

பதினான்கு என்னுடையது. பதினைந்தும்.
பகலில் பல் மருத்துவமனையில் கணக்கு எழுதுகிறேன்,
இரவில் முதலாளி.
இரண்டு பெட்டியிலும் ஒரே கெட்டில், ஒரே வெளிர்நீலம்,
அரை லிட்டர், கைப்பிடி மடங்கும்,
மொத்த விலையில் நூற்று எண்பதுக்கு வாங்கியது.
கண்ணாடியில் என் கையெழுத்திலேயே ஒட்டியிருக்கிறேன்:
முந்நூற்றுத் தொண்ணூறு போட்டால் உறுதியாகக் கிடைக்கும்.
பொய் இல்லை.
அதுவரை கிடைக்காது என்று ஒட்டவில்லை,
அவ்வளவுதான்.

உள்ளே ஒரு திருகு இருக்கிறது.
மூன்று இரும்பு விரலும் முதலில் இறுகும்,
உடும்புப் பிடி என்று நம்பும்படி தூக்கும்,
பிறகு உச்சியில்,
பார்ப்பவர் மூச்சை நிறுத்தும் இடத்தில்,
லேசாகத் தளரும்.
எந்த உயரத்தில் என்பதை
ஒரு ஞாயிறு மதியம் நான்தான் முடிவுசெய்தேன்,
ஒரு கையில் திருப்புளி, மறு கையில் பப்பாளிப் பால்.

இரவு ஒன்றரை. படுக்கையில் நான்,
கைபேசியில் கடையின் கேமரா.
உணவு கொண்டுபோகும் பையன்
மழைக்கோட்டோடு பதினான்கின் முன்னால்,
மூக்குக்கண்ணாடி முழுக்க ஆவி.
முப்பத்தேழு பத்து டாலர் நாணயம். நானும் எண்ணினேன்.
சட்டைப்பை, கால்சட்டைப்பை, மறுபடி சட்டைப்பை.
நனைந்த நூறு டாலர் தாளைச்
சில்லறை இயந்திரம் இரண்டு முறை துப்பியது.
தலைக்கவசத்தைப் பெட்டிமேல் வைத்துவிட்டுத்
தெருவில் இறங்கி ஓடினான்.
கவசம் இருந்தால் ஆள் வருகிறான் என்று பொருள்.
யாரும் எழுதி வைக்கவில்லை,
எல்லோருக்கும் தெரியும்.

ஜுவாங் அக்காவுக்கும் தெரியும்.
பன்னிரண்டிலிருந்து மூலை ஸ்டூலில்
சூரியகாந்தி விதை உரித்தபடி.
முதல் நாணயத்தை அவள் ஒருநாளும் போட்டதில்லை;
பிறர் கைவிட்டுப் போகும் பெட்டிகளில்
கடைசி இரண்டு, மிஞ்சினால் மூன்று.
இலவு காத்த கிளி என்று இவளைச் சொல்ல முடியாது,
எது வெடிக்கும் எது பழுக்கும் என்று
கணக்கு வைத்திருக்கும் கிளி.
வீட்டில் பதினொரு ஸ்பீக்கர் இருக்கிறதாம்,
ஓர் அலமாரி சோப்புத்தூள்.
விற்பதில்லை. எவருக்கும் தருவதுமில்லை.

எழுந்தாள்.
கவசத்தை இரண்டு கையாலும் தூக்கினாள்,
தூங்கும் பூனையை இடம் மாற்றுவதுபோல்.
பதினைந்தின்மேல் வைத்தாள்.
சாய்ந்திருந்ததை நேராக்கினாள்.
ஒரு நாணயம். தளர்ந்தது.
இன்னொன்று.
இரும்பு என் வாக்கைக் காப்பாற்றியது.
கெட்டில் விழுந்த சத்தம் எனக்குக் கேட்கவில்லை,
என் கேமராவுக்குக் காது கிடையாது.
வாய் உண்டு. ஒரு பொத்தானை அழுத்தினால்
என் குரல் கடைக்குள் கேட்கும்;
திருடர்களுக்கென்று வாங்கியது.

பையன் வந்தான். ஒரு கையில் சில்லறை,
மறு கையில் அதற்காக வாங்க நேர்ந்த
வறுத்த டோஃபுப் பொட்டலம்.
கவசத்தைப் பார்த்தான், அதன் கீழே நின்றான்.
என் கட்டைவிரல் பொத்தான்மேல் இருந்தது.
முதல் நாணயம்.
விரல்கள் இறுகின, தூக்கின,
நான் குறித்துவைத்த உயரம்வரை போயின.
மூன்று. நான்கு.
ஸ்டூலடியில் விதைத்தோல் விழுந்துகொண்டிருந்தது.
ஐந்தாவதற்குப் பிறகு
மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான்.
எண்ணைப் பார்த்தான்.
பக்கத்து எண்ணைப் பார்த்தான்.
பிறகு தலையை உயர்த்தி நேராக என்னை.

கைபேசியைக் கவிழ்த்து வைத்தேன்.
மெத்தையில் அதன் விளிம்பு
கொஞ்ச நேரம் ஒளிர்ந்துகொண்டே இருந்தது.