மூன்று அறைத் தொட்டி

முரோஸ் துறைமுகத்தில் மூன்று நாள் மழை.
தார்ப்பாய்க்குக் கீழே, படகின் வயிற்றில்
நானும் உஷியாவும் மண்டியிட்டிருக்கிறோம்.
இருபத்திரண்டு வருட அலுமினியத் தொட்டி.
கை நுழைய ஒரு வாசலும் விடாமல்
எவனோ பற்றவைத்து மூடிவிட்டுப் போயிருக்கிறான்.

டீசலை இறைத்து, சோப்புநீர் விட்டு அலசி,
மூக்கை நம்பாமல் மீட்டரை உள்ளே விட்டு
அது பூஜ்யம் காட்டிய பிறகுதான்
வட்டம் வரைந்தோம், சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்து.
ரம்பப் பல்லில் கிரீஸ் அப்பினாள் அவள்.
சீவல் உள்ளே விழாமல் ஒட்டிக்கொள்ளுமாம்.

தகடு பெயர்ந்து வந்தது. டார்ச் அடித்தேன்.
அடியில் கறுப்புக் களி,
ஆறிப்போன காபிக் கசடு மாதிரி.
தோள்வரை கையை விட்டால்
விரல் சுவரில் முட்டுகிறது.
அலையில் எண்ணெய் தளும்பாமலிருக்க
உள்ளே இரண்டு தடுப்பு.
ஓர் ஓட்டை போதும் என்று அடம்பிடித்தவன் நான்.
அவள் ஒன்றும் பேசாமல்
பென்சிலையும் தட்டையும் நீட்டினாள்.

மூன்றாவது அறையில், உறிஞ்சுகுழாயின் வாயில்
சாய்ந்து கிடந்தது
மட்டம் பார்க்கும் மரக்குச்சியில் பாதி.

போன டிசம்பரில், சிப்பி மிதவைக்குப் போகும் வழியில்
எஞ்சின் மூச்சடைத்து நின்றதும்
மெக்கானிக் ப்ரைஸை நான் வைததும்
ஊர் அறியும்.
குச்சியை உடைத்தது நான்.
மறந்தே போயிருந்தேன்,
வசதியாக.

மூடிக்குப் பன்னிரண்டு திருகு, ஒரு ரப்பர் வளையம்.
எதிரெதிராக முடுக்கு என்றாள்.
முடுக்கினேன்.
சட்டைப்பையில் குச்சி, டீசல் வாடை.
மழை விட்டால் ப்ரைஸின் பட்டறைக்கு
இருநூறடி.
விடாவிட்டாலும்
இருநூறடிதான்.