இரண்டு விரல்

பள்ளம் இல்லை அங்கே.
அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.
கொருக்குப்பேட்டை கேட்டைத் தாண்டி
புதிதாய்த் தார் போட்ட இருபதடி.
எங்கள் பக்கம் அப்படி இருபதடி கிடைப்பதே அபூர்வம்,
அதில்தான் விழுந்தேன்.

காலை ஆறே முக்கால்.
பின்னால் பதினோரு டிபன் கேரியர் என்கிறார்
கம்பெனி வக்கீல்.
ஏழு.
மணலியில் அன்று நாலு பேருக்கு ஷிப்ட் மாறியிருந்தது.
ஏழு பேருக்குப் பொங்கல், கொஞ்சம் சட்னி.
பொங்கலின் எடை என்ன என்று கேட்டார்கள்.
சட்னியைத் தனியாகக் கேட்டார்கள்.

ஹேண்டில் என் கையில்தான் இருந்தது.
சக்கரம் என்னிடம் சொல்லாமல்
இடப்பக்கம் போய்விட்டது.
அப்புறம் தார்.
அப்புறம் ஸ்டான்லியில் வராண்டா,
மேல்தாடையையும் கீழ்த்தாடையையும் சேர்த்து
கம்பி முறுக்கிய ஒரு பயிற்சி டாக்டரின்
வியர்த்த மூக்கு.
ஆறு வாரம் கஞ்சி, உறிஞ்சுகுழல்.
மகன் கொடுத்த சிலேட்டில் முதல் வரி எழுதினேன்:
சைக்கிளை யாரும் தொடாதீங்க.

நாத்தனார் விக்டோரியா போன் போட்டு
என் காதில் வைத்தாள்.
பதிவு செய்த குரல் இனிமையாக இருந்தது:
உங்கள் புகாரைத் தெளிவாகப் பேசவும்.
பீப் சத்தத்துக்குப் பிறகு
நான் மூச்சு விட்டேன்,
மூக்கு வழியாக,
அவர்கள் வெட்டும்வரை.

பதில் கடிதம் இரண்டு மாதம் கழித்து.
அதிக சுமை. பராமரிப்பின்மை. கடற்காற்று.
கடற்காற்றையும் எதிர்தரப்பாகச் சேர்த்துடலாமா
என்று விக்டோரியா கேட்டாள்.
சிரிக்க முடியவில்லை,
கம்பி இழுத்தது.

வெல்டிங் பட்டறை தேசிங்கு
உடைந்த போர்க்கை வாசலுக்குக் கொண்டுபோய்
லுங்கியால் துடைத்து
வாட்ச் கடைக் கண்ணாடியை மாட்டிப் பார்த்தான்.
"பளபளன்னு கீதே இந்தக் கால்வாசி,
அதான் அன்னிக்கி உடைஞ்சது.
மீதி கறுத்துக் கீது பாரு,
அது நீ வாங்கசொல்லவே உள்ள இருந்த விரிசல்.
வெல்டு ஒழுங்கா உருகவே இல்ல.
தினம் ஒரு மயிரிழையா
உன்கூடவே வந்துகினு இருந்துச்சு."
கோர்ட்டுக்கு வா என்றேன்.
கூலி போயிடும் என்றான்.
வந்திருந்தாலும்,
தேசிங்கின் கண் ஆவணம் ஆகாதாம்.
ஆய்வகச் சான்றிதழ் வேண்டும்.

சைக்கிள் ஆறாயிரத்து நானூறு.
அது ஏன் உடைந்தது என்று சொல்லும் தாள்
பதினெட்டாயிரம்.

சமரசத்துக்குக் கூப்பிட்டார்கள்.
ஏசி அறை, பிஸ்கட்
(எனக்குக் கடிக்க வராது).
புது சைக்கிள் தருகிறோம் அம்மா என்றார்கள்.
எது என்று கேட்டேன்.
அதே மாடல் என்றார்கள்,
முகம் மாறாமல்.

காசு கேட்டிருக்கிறேன், இல்லை என்று சொல்லவில்லை.
பல்லுக்கு, ஆறு வாரக் கூலிக்கு,
தெருவில் சிந்திய பொங்கலுக்கும்.
ஆனால் போர்க்கின் தோளில் அடித்திருக்கும்
கே 2207
அந்த எண்ணில் செய்த எல்லாவற்றையும்
திரும்ப வாங்கச் சொல்லுங்கள் என்றபோது
தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.
மனுவில் அது இல்லையே, பிலோமினா.
வாய்தா.
அடுத்த மாதம் பத்தொன்பது.

அதுவரை சும்மா இருக்க முடியவில்லை.
தண்டையார்பேட்டையில் பள்ளிக்கூட ஸ்டாண்டில்
குனிந்து குனிந்து
முன்சக்கரத்தின் மேல் சேற்றை எச்சில் விரலால் துடைத்து
எண் படிக்கிறேன்.
வாட்ச்மேன் இரண்டு முறை விரட்டிவிட்டார்.
டயர் திருடியென்று நினைத்திருப்பார்.
இன்று மூன்றாவது வரிசையில் ஒன்று.
பின்சீட்டில் துணி மடித்துக் கட்டியிருக்கிறது,
தம்பியோ தங்கையோ உட்கார்ந்து வரும்போல.
கே 2207.

"என் சைக்கிள் அது."
பின்னால் வந்து நின்றது ஒரு ரெட்டைஜடை.

மூன்று விரல் திறக்க வேண்டிய வாய்
இரண்டு விரல் திறக்கும் என்று
ஸ்டான்லிச் சீட்டில் எழுதியிருக்கிறது.
ஏறாதே என்று சொல்ல
இரண்டு போதுமாக இருந்தது.

அவள் என் தாடையைப் பார்த்தாள்,
சைக்கிளைப் பார்த்தாள்.
"எங்க வீடு கொடுங்கையூர்லக்கா," என்றாள்.